ஜெசிந்தாவின் முதுகு

ஜெசிந்தா மூன்றாம் பக்கத்தில் பொய் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியில் இருந்த வினோதினிக்கு அது தலையைத் திருப்பாமலே தெரிந்தது. முதுகிலோ இடுப்பிலோ வலி உண்டா என்ற கேள்விக்கு எதிரே, ‘இல்லை’ என்ற கட்டத்துக்குள், நீல மையில் ஒரு டிக். அந்த டிக்கைக்கூட எவ்வளவு சுத்தமாகப் போடுகிறாள் பாவி. ஜிம்னாஸ்டிக்ஸ் ஹாலில் அந்த ஒடுங்கிய பீம் கட்டையிலிருந்து குதித்து இறங்கி இரண்டு காலையும் சேர்த்து நிற்பாளே, ஒரு மயிரிழை ஆடாமல், அதே மாதிரி. வினோதினி போட்ட டிக்குகள் எல்லாம் கட்டத்துக்கு வெளியே வழிந்து கிடந்தன. மதுரையில் அந்த ஸ்கேன் சென்டருக்கு இரண்டு பேரையும் ஒன்பது மணிக்கே கூட்டிவந்துவிட்டார் அவர்களுடைய கோச் பாக்கியம் மேடம். மாநில அணித் தேர்வுக்கு வரும் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகள் எலும்பு ஸ்கேன் எடுத்துக்கொண்டுதான் வரவேண்டும் என்று இந்த வருஷம் புதிதாகச் சொல்லியிருந்தார்கள். தேர்வு சனிக்கிழமை. இன்றைக்குப் புதன். பீமுக்கு மாவட்டத்திலிருந்து ஒரே ஒரு ஆள், அவளால் முடியாவிட்டால் ஏற ஒரு மாற்று ஆள். அந்த ஒரு ஆள் யார் என்பது மேடத்துக்குத் தெரியும், வினோதினிக்குத் தெரியும், ஹாலைப் பெருக்கும் அக்காவுக்குக்கூடத் தெரியும். அந்த ஒரு ஆள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அடுத்த கேள்வியைப் படித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கழுத்தெலும்பு. பார்க்கக் கூடாது என்று நினைத்தால் அதைத்தான் பார்க்கிறது கண். ஜெசிந்தாவின் கழுத்தெலும்புக் குழியில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினால் அப்படியே நிற்கும். பதினைந்தரை வயதுக்கு முப்பத்தாறு கிலோ. வினோதினிக்குப் பதினாறு, நாற்பத்தெட்டரை. நடுவில் இருக்கிற பன்னிரண்டரை கிலோவை அவள் ஒன்றரை வருஷமாக, இறக்கி வைக்க இடமில்லாத மூட்டை மாதிரி, படியேறும்போதும் தூங்கும்போதும் தூக்கிக்கொண்டு திரிகிறாள். அதற்கு முன்னால் அவளும்தான் அப்படி இருந்தாள். மேடம் ஒற்றைக் கையால் அவளைத் தூக்கி பீம்மேல் வைத்துவிட்டு, “பாருங்கடி, இதுக்கு எடையே இல்ல” என்று மற்றவர்களிடம் காட்டுவார். மேடத்தின் உள்ளங்கை, சாக் பவுடர் காய்ந்து சொரசொரப்பாக, விலா எலும்புக்குக் கீழே. அந்தக் கை இப்போது ஜெசிந்தாவின் விலாவுக்குக் கீழே. பதினாலரை வயதில் வினோதினி பெரியவளானாள். வீட்டில் பந்தல் போட்டு, மஞ்சள் தண்ணீர் ஊற்றி, பதினாறு தட்டு வைத்து, ஜெய்ஹிந்த்புரத்துக்கே மைக் செட்டில் சொல்லிவிட்டார்கள். அம்மா தினமும் காலையில் உளுந்தங்களி கிண்டி நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கொண்டுவந்து நிற்பாள். “தின்னுடி, இடுப்பெலும்பு இரும்பாகும்.” இரும்புதான் ஆனது. ஒரு மாதம் கழித்து ஹாலுக்குப் போனபோது உடம்போடு ஒட்டும் பயிற்சி உடை, அந்த லியோடார்ட், தொடையில் பிடித்தது. மேடம் இடுப்புச் சதையை இரண்டு விரலால் கிள்ளி, “என்ன வினோ, விருந்து பலமோ?” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வாரம்தான் திண்டுக்கல்லிலிருந்து ஜெசிந்தா ஹாஸ்டலுக்கு வந்து சேர்ந்தாள், குச்சி மாதிரி, வாயில் புளிப்பு மிட்டாயோடு.

அதற்குப் பிறகு வினோதினி செய்யாததா. களியைப் பாலிதீன் பையில் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய் ரோட்டோரத்து மாட்டுக்குக் கொடுத்தாள். ஒரு இட்லியை ஏழு துண்டாக்கித் தின்றாள். பசித்தால் தண்ணீர், தலை சுற்றினால் தண்ணீர், ராத்திரி வயிறு கத்தினால் குப்புறப் படுத்துக்கொண்டு தலையணையை அடிவயிற்றில் அழுத்தினாள். நாலு மாதம் பீரியட்ஸ் வராமல் நின்றது. அம்மாவுக்குத் தெரியாமல் காலெண்டரைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டாள், ஏதோ திரும்பிப் போக வழி கிடைத்துவிட்ட மாதிரி. ஐந்தாம் மாதம் வந்துவிட்டது. பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஜெசிந்தாவுக்கு இன்னும் வரவே இல்லை. ஹாஸ்டலில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. ஒரு இட்லியையும் ஏழாக்காமல், ஒரு ராத்திரியும் தலையணையை அழுத்தாமல், அவளுக்கு அது சும்மா கிடைத்திருக்கிறது என்றுதான் வினோதினி நினைத்திருந்தாள். அந்த நினைப்பு பதினோரு நாளைக்கு முன்பு வரைக்கும்தான். பதினோரு நாளைக்கு முன்னால் உடை மாற்றும் அறைக்கு மறந்துவிட்ட தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனாள். ஜெசிந்தா தரையில் மண்டியிட்டு, பெஞ்சில் நெஞ்சைச் சாய்த்து, துண்டைப் பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு இருந்தாள். சத்தமே இல்லை. முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. முள்ளெலும்பு ஒவ்வொன்றும் லியோடார்டுக்கு வெளியே தனித்தனியாகத் தெரிந்தது. வினோதினி கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். “வளைஞ்சா குத்துதுக்கா. கத்தி மாதிரி. யார்கிட்டயும் சொல்லிராதீங்க” என்றாள் அவள். சரி என்று தலையாட்டினாள் வினோதினி. தலையாட்டியதை நல்ல குணம் என்று இத்தனை நாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். சின்னப்பிள்ளை கெஞ்சிக் கேட்டது, காட்டிக்கொடுக்கலாமா. ஆனால் தினமும் சாயங்காலம் ஜெசிந்தா பீம்மேல் பின்னால் வளையும்போது வினோதினி தன் பயிற்சியை நிறுத்திவிட்டுப் பார்த்தாளே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, எதற்காகப் பார்த்தாள்?

“வினோக்கா.” ஜெசிந்தா தாளை முகத்துக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அவள் வாயில் பசி நாற்றம் அடித்தது. வினோதினிக்கு அந்த நாற்றம் நன்றாகத் தெரியும், காலை வெறும் வயிற்றில் அவளுக்கும் அடிக்கும். அப்படியென்றால் இவளுக்கும் சும்மா கிடைக்கவில்லை. “இதுல முதல்ல எப்ப வந்துச்சுன்னு கேட்ருக்கு. பதிமூணுன்னு போட்டுட்டேன். கடைசியா வந்த தேதியும் கேக்குது. எத்தனை நாள் இருக்கும்னும் கேக்குது. எத்தனை நாள்க்கா இருக்கும்? ரெண்டா?”

“அஞ்சு” என்றாள் வினோதினி.

“அஞ்சு நாளா! தேதி என்ன போட?”

வினோதினி மூன்று மாதத் தேதிகளைச் சொன்னாள். தன் தேதிகளைத்தான் சொன்னாள், வேறு தேதி அவளுக்கு எங்கே தெரியும். ஜெசிந்தா நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொன்றாக எழுதினாள். எழுதி முடித்து, பரீட்சையில் பார்த்து எழுதிய பிள்ளை மாதிரிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் வினோதினி மனசுக்குள் அவளிடம் பேசினாள். என்னிடமிருந்து பீமை எடுத்துக்கொண்டாய், மேடத்தின் கையை எடுத்துக்கொண்டாய், இப்போது நான் வேண்டாம் வேண்டாம் என்று அழுததையும் எடுத்துக்கொள்கிறாய், அதையும் தாளில் மட்டும். எதிர் வரிசையில் பாக்கியம் மேடம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். “முடிச்சாச்சா? சும்மா ஒரு சடங்குதான்டி இது, பயப்படாதீங்க” என்றார், யாரையும் பார்க்காமல்.

முதலில் வினோதினியைக் கூப்பிட்டார்கள். தோடு, கொலுசு, சட்டையில் குத்தியிருந்த ஊக்கு எல்லாவற்றையும் கழற்றிவைத்துவிட்டு மெல்லிய மெத்தை போட்ட மேசையில் படுக்கச் சொன்னாள் அங்கிருந்த பெண். மேலே ஒரு வெள்ளைக் கை தலையிலிருந்து காலை நோக்கி மெதுவாக, மிக மெதுவாக நகர்ந்தது. அசையக் கூடாது. அசையாமல் இருப்பது வினோதினிக்குப் பழக்கம்தான், பத்து சென்டிமீட்டர் அகலத்தில் பத்து வருஷமாக நின்றவளுக்கு. ஆனால் இது உள்ளே பார்க்கிறது. கண்ணாடிக்கு முன்னால் வயிற்றை எக்கிக்கொள்ளலாம், மேடத்துக்கு முன்னால் எக்கிக்கொள்ளலாம், இதற்கு முன்னால் எதை எக்குவது? களி தின்ற நாள், தின்னாத நாள், மாட்டுக்குக் கொடுத்த நாள் எல்லாம் தெரிந்துவிடுமோ. தலையாட்டியது தெரியுமோ. ஜெசிந்தா படுத்தால் இந்த மேசைக்குத் தெரியவா போகிறது, ஒரு ஆள் படுத்திருக்கிறது என்று. ஜெசிந்தா படுத்தால். முதுகு இந்த மேசையில் பட்டால் குத்துமா? குத்தினாலும் காட்டமாட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியாது. நடுவர்கள் அதற்குத்தான் அவளுக்கு மார்க் போடுகிறார்கள்.

டாக்டர் உமையாளுக்கு ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, மூக்குக் கண்ணாடி. கம்ப்யூட்டரில் ஒரு உருவத்தைக் காட்டினார். கையையும் காலையும் விரித்துப் படுத்திருந்த அந்த உருவம் வினோதினிதான். எலும்பு வெள்ளையாக, அதைச் சுற்றித் தசை சிவப்பாக, வெளியே கொழுப்பு மஞ்சளாக. “இங்க பாரு கண்ணு, இடுப்பெலும்பு, முதுகெலும்பு, எல்லாம் உன் வயசுப் பிள்ளைங்களவிட நல்லாருக்கு. பத்து வருஷமா குதிச்சுருக்கல்ல, ஒவ்வொரு தடவ தரையில இறங்குறப்பவும் எலும்பு பலமாகும். சாப்பாடு இல்லைன்னா மட்டும் ஆகாது. போன வருஷம் நாலு மாசம் பீரியட்ஸ் வரலன்னு எழுதிருக்க. ஏன், சாப்பிடலயா?” வினோதினி மஞ்சளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொடையைச் சுற்றி, இடுப்பைச் சுற்றி, மஞ்சள் மஞ்சளாக. “கொழுப்பு எத்தனை டாக்டர்?” என்று கேட்டாள். “இருபத்திரண்டு சதவீதம். பொம்பளப் பிள்ளைக்கு வேணும்மா அது. அது இல்லைன்னா உடம்பு மத்த எல்லாத்தையும் நிறுத்திரும், எலும்புல போடுறதையும் நிறுத்திரும். இந்த வயசுலதான் எலும்புல சேத்து வைக்க முடியும். அப்புறம் எவ்வளவு ஆசைப்பட்டாலும் முடியாது.” இருபத்திரண்டு. ஜெசிந்தாவுக்கு எவ்வளவு வரும்? பத்து? பதினொன்று? “வேற ஏதாவது சொல்லணுமா? எங்கயாவது வலி?” டாக்டர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். இப்போது சொல்லலாம். எனக்கில்லை டாக்டர், வெளியே உட்கார்ந்திருக்கிறாளே. நாக்கு நுனிவரை வந்தது. “ஒண்ணுமில்ல டாக்டர்” என்றுவிட்டு வெளியே வந்தாள். தோட்டைத் திரும்ப மாட்டும்போது அது இரண்டு தடவை கீழே விழுந்தது.

ஜெசிந்தா உள்ளே போய் வந்தாள். பிறகு டாக்டர் மேடத்தையும் ஜெசிந்தாவையும் சேர்த்துக் கூப்பிட்டார். கதவு இல்லை, பச்சைத் திரைதான், வினோதினியின் நாற்காலிக்குக் கையெட்டும் தூரத்தில். “முதுகெலும்பு வயசுக்கு இருக்கவேண்டியதவிட ரொம்பக் குறைச்சலா இருக்கு” என்றது டாக்டரின் குரல். “கொழுப்பு பதினொண்ணுதான்.” பதினொன்று! நினைத்தது சரியாக இருந்ததில் வினோதினிக்கு ஒரு கணம் வயிற்றெரிச்சலாக இருந்தது, அப்புறம்தான் முதல் வாக்கியம் காதுக்குள் இறங்கியது. குறைச்சல். ஜெசிந்தாவுக்கு ஏதோ ஒன்று குறைச்சல், தனக்கு அதிகம். இதற்குமுன் எந்தத் தாளிலும் அப்படி வந்ததில்லை. நெஞ்சுக்குள் குபுக்கென்று ஒரு சந்தோஷம் கிளம்பியது. அது கிளம்பிய வேகத்தைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. டாக்டர் பேசிக்கொண்டே போனார். “பீரியட்ஸ் ஒழுங்கா வருதுன்னு எழுதிருக்கா. வலி இல்லைன்னு எழுதிருக்கா. அதனால சாப்பாட்ட சரிபண்ணி, கால்சியம் குடுத்து, மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம். சனிக்கிழமை ஆடட்டும். ஆனா வலி இருந்துச்சுன்னா கதையே வேற. விரிசல் விட்ருக்கும். அதோட போய் வளைஞ்சா எலும்பு நழுவிரும், அப்புறம் வாழ்நாள் பூரா முதுகு முதுகுன்னு உக்காந்திருக்க வேண்டியதுதான்.” “வலியெல்லாம் இல்ல டாக்டர், இருந்தா எங்கிட்ட சொல்லிருப்பா. என்னடி?” என்றார் மேடம். “இல்ல மேடம்.” அந்தக் குரலும் ஆடவில்லை.

சொன்னால் என்ன சொல்வார்கள்? பீம் கிடைக்காதவள் வயிற்றெரிச்சலில் போட்டுக்கொடுத்தாள் என்பார்கள். சரியாகத்தான் சொல்வார்கள். சொன்ன மறு நிமிஷம் இடம் அவளுக்கு வந்துவிடும். அப்படி வரும் என்று தெரிந்துகொண்டே சொல்வது எப்படி நல்லதாகும்? ஆகாது. அதனால் சொல்லாமல் இருப்பதுதான் நேர்மை. யோசனை அங்கே போய் நின்றது, வழுவழுப்பாக, வசதியாக. ஆனால் சொல்லாமல் இருந்தால் சனிக்கிழமை ஜெசிந்தா பின்னால் வளைவாள். இந்தப் பதினோரு நாளும் வினோதினி மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்குக் காத்திருந்தாளோ அது நடக்கும். நடந்தாலும் இடம் அவளுக்குத்தான் வரும். பேசினாலும் வரும், பேசாவிட்டாலும் வரும். பொறாமை இல்லாத பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. மனசு சுத்தமான பிறகு பேசலாம் என்று உட்கார்ந்தால் சனிக்கிழமை வந்துவிடும். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் மருந்துச் சீட்டைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. எழுந்தது தெரியவில்லை, திரையை விலக்கியது தெரியவில்லை, மூன்று முகங்களும் தன் பக்கம் திரும்பியதுதான் தெரிந்தது.

“அவளுக்கு வலி இருக்கு டாக்டர். பதினோரு நாளைக்கு முன்னாடி நான் பாத்தேன். துண்டக் கடிச்சுக்கிட்டு அழுதா.” ஜெசிந்தாவின் பக்கம் பார்க்காமலே மேலும் சொன்னாள். “அவ இன்னும் பெரியவளே ஆகல. அந்தத் தேதியெல்லாம் என்னோடது.”

வினோதினி மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். ஆச்சரியப்படவேண்டிய முகம், ஆச்சரியப்படச் சற்று நேரம் எடுத்துக்கொண்டது. ஜெசிந்தா நாற்காலியிலிருந்து எழுந்தாள். எழும்போது, முதல்முறையாக எல்லோருக்கும் முன்னால், ஒரு கையை மேசையில் ஊன்றினாள்.

“உங்களுக்கு என் எடம் வேணும். அதான?”

“ஆமா” என்றாள் வினோதினி.

அதை எதிர்பார்க்கவில்லை ஜெசிந்தா. இன்னும் ஏதோ திட்ட வாயைத் திறந்தவள் திட்டாமல் அழ ஆரம்பித்தாள். பதினைந்தரை வயதுப் பெண்ணின் அழுகை மாதிரியே இல்லை அது, கடைத்தெருவில் தொலைந்துபோன குழந்தை மாதிரி, வாயைத் திறந்துகொண்டு, சத்தமாக. டாக்டர் உமையாள் எழுந்துவந்து அவள் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். மேடத்தை வெளியே இருக்கச் சொன்னார். திண்டுக்கல்லுக்குப் போன் போட்டு ஜெசிந்தாவின் அம்மாவை உடனே கிளம்பி வரச் சொன்னார். கீழ்த்தளத்தில் எம்ஆர்ஐ எடுத்தார்கள். பன்னிரண்டரைக்கு முடிவு வந்தது. முதுகின் அடியில், கடைசி முள்ளெலும்பில், இரண்டு பக்கமும் விரிசல். இன்னும் நழுவவில்லை. ஆறு மாதம் பீம் கிடையாது, வால்ட் தாவல் கிடையாது, எதுவும் கிடையாது. பெல்ட், மருந்து, சாப்பாடு, ஓய்வு. சனிக்கிழமை வளைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மேடம் கேட்டார். டாக்டர் எம்ஆர்ஐ படத்தை மேடத்தின் பக்கம் திருப்பிவைத்தார். மேடம் படியிறங்கும்போது வினோதினியின் தோளைத் தொட்டு, தாழ்ந்த குரலில், “சனிக்கிழமை நீ ஏறு” என்றார். வேண்டாம் என்று சொல்லும் ஆள் தானில்லை என்பது வினோதினிக்குத் தெரிந்தது. “சரி மேடம்.” தொட்ட கை எடுத்த பிறகும் தோளில் இருந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு அருவருப்பாக ஒரு சந்தோஷம் இருக்க முடியும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அம்மா வரும்வரை ஜெசிந்தாவைச் சாப்பிட வைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். கேன்டீனில் அவளைச் சுவரோரமாக உட்காரவைத்தார்கள். அவள் வினோதினியின் பக்கம் திரும்பவே இல்லை. தட்டு வந்தது. நெய் மிதக்கும் சாம்பார் சாதம், ஒரு அவித்த முட்டை, அப்பளம். முதலில் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு வாய் வைத்தாள். கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது, வாய் மென்றுகொண்டே இருந்தது. இரண்டாவது வாய் பெரியதாக இருந்தது. யாரும் அவள் கையைப் பார்க்கவில்லை, யாரும் போதும் என்று சொல்லவில்லை. டாக்டரே சாப்பிடச் சொல்லிவிட்டார். ஆறு மாதம் அவளை யாரும் கிள்ளப்போவதில்லை. எதிரில் மேடம் வினோதினிக்கு மட்டும் ஒரு எலுமிச்சை ஜூஸ் சொல்லியிருந்தார், சர்க்கரை இல்லாமல். இன்னும் மூன்று நாள் இருக்கிறது. வினோதினி அந்தக் கண்ணாடித் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, ஜெசிந்தாவின் விரலிடுக்கில் வழிந்த நெய்யைப் பார்த்தாள், உப்பைத் தொட்டு முட்டையைக் கடித்ததைப் பார்த்தாள். காலையிலிருந்து உள்ளே சுற்றிச் சுற்றி வந்த அத்தனையும் இப்போது ஒரே இடத்தில் வந்து நின்றது, தொண்டைக்குக் கீழே, நேராக வயிற்றில். இவளுக்கு மட்டும் என்ன.

“அண்ணே” என்று பரிமாறுகிறவரைக் கூப்பிட்டாள். “எனக்கும் ஒரு சாம்பார் சாதம். முட்டையோட.”

“வினோ, சனிக்கிழமை...” என்றார் மேடம்.

“தெரியும் மேடம்.”

மேடம் மேற்கொண்டு ஏதோ சொல்ல வாயெடுத்து, சுவரோரம் மென்றுகொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். தட்டு வந்தது. சூடாக இருந்தது, பிசையும்போது விரல் சுட்டது. வினோதினி நிமிர்ந்து பார்த்தாள். ஜெசிந்தா பாதித் தட்டைத் தாண்டியிருந்தாள். வினோதினி குனிந்து வேகமாகச் சாப்பிட ஆரம்பித்தாள்.